வேலி போட்டு அடைத்தால் காடு செழிக்குமா?

கானுயிர்: வாசகர் கேள்வி – பதில்

(இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மேய்ச்சலைப் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்தப் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.)

கேள்வி: சென்ற கோடையில் குடும்பத்துடன் முதுமலைக்குப் போயிருந்தோம். சாலையோரத்தில் புல் தரையோடு தரையாக மேயப்பட்டிருந்தது. பட்டை முழுவதும் உரிக்கப்பட்டு நின்ற மரங்களையும் பார்த்தோம். யானை, காட்டெருமை, மான் என்று இத்தனை வாய்கள் தின்றுகொண்டே இருந்தால் காட்டில் என்னதான் மிஞ்சும்? சில ஆண்டுகள் வேலி போட்டு இவற்றை விலக்கி வைத்தால் காடு இன்னும் அடர்த்தியாக வளராதா?
– வாசகர், ஈரோடு

பதில்: அடர்த்தியாக வளரக்கூடும். ஆனால் அந்த அடர்த்தி எதனுடைய அடர்த்தி என்பதைக் கேட்டாக வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலில் அருகம்புல் இருந்தால் ஒரு தண்டை மெதுவாகப் பிடுங்கி, இலையுறைகளை ஒவ்வொன்றாக உரித்துப் பாருங்கள். புல்லின் வளர்முனை உச்சியில் இல்லை. மண்ணை ஒட்டி, இலையுறைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. இலையின் அடிப்பகுதியிலிருந்தே வளர்ச்சி மேலே தள்ளப்படுகிறது. எனவே மான் நுனியைக் கடித்துவிட்டுப் போனாலும் புல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அதே மான் அருகில் நிற்கும் ஒரு மரக்கன்றின் நுனியைக் கடித்தால், அந்தக் கன்று தன் வளர்முனையையே இழக்கிறது. பக்கத்தில் துளிர்க்கலாம், ஆனால் உயர்வதற்குப் பல ஆண்டுகள் பின்தங்கிப்போகும். இரண்டு செடிகளுக்கும் கடி ஒன்றுதான், விளைவு வேறு. புல்லுக்கும் மரத்துக்கும் இடையே ஓயாமல் நடக்கும் போட்டியில் மேயும் விலங்கு எப்போதும் ஒரு பக்கம் கை கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

மேயப்படாத புல்லின் கதையும் அவ்வளவு இனிமையானதில்லை. மழைக்காலத்தில் ஆளுயரம் வளர்ந்த புல் பூத்து, முற்றி, மார்கழி தை மாதங்களில் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். அந்தக் காய்ந்த தாள்கள் தம் தூருக்கே நிழலிட்டு, அடுத்த துளிர் வெளிச்சம் பெறாமல் தடுத்துவிடும். மாசி பங்குனியில் ஒரு பொறி விழுந்தால் அதுவே எரிபொருளும் ஆகும். மேயப்பட்ட இடத்தில் முளைக்கும் இளம் புல்லில் புரதம் மிகுதி, நார் குறைவு. ஆகவே விலங்குகள் மீண்டும் மீண்டும் அங்கேயே வருகின்றன, அங்கேயே சாணமும் சிறுநீரும் இடுகின்றன. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடும் உழவர் இதற்கு விளக்கம் கேட்கமாட்டார். ஒரு பருவம் முழுவதும் மெல்ல மட்க வேண்டிய தழையை, ஓர் ஆட்டின் வயிறு ஓரிரு நாளில் எருவாக்கித் தந்துவிடுகிறது.

வேலி போட்டுப் பார்த்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். கென்யாவின் லைக்கிபியா பகுதியில் 1995 முதல் நடந்துவரும் ஓர் ஆய்வில், நான்கு நான்கு ஹெக்டேர் கொண்ட 18 பாத்திகள் அமைக்கப்பட்டன. சிலவற்றில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் மட்டும் நுழைய முடியாது; சிலவற்றில் காட்டு விலங்கு எதுவும் நுழைய முடியாது; சிலவற்றில் மாடுகள் மட்டும் மேயும். அங்கு நிற்கும் ஒருவகை வேலமரத்தின் முட்கள் அடியில் வீங்கி உள்ளீடற்ற குமிழாக இருக்கும். அந்தக் குமிழ்களில் எறும்புகள் குடியிருக்கும். மரம் இலைக்காம்பின் சுரப்பிகளில் தேன் சுரந்து அவற்றுக்கு உணவளிக்கும். கைம்மாறாக, யானையின் துதிக்கையோ ஒட்டகச்சிவிங்கியின் நாக்கோ கிளையைத் தொட்டவுடன் எறும்புகள் கூட்டமாகப் பாய்ந்து கடிக்கும். விலங்குகளைப் பத்தாண்டுகள் விலக்கி வைத்தபோது, தின்ன யாரும் வராததால் மரம் இந்தச் செலவைக் குறைத்துக்கொண்டது. குமிழ்களும் குறைந்தன, தேனும் குறைந்தது. பசித்த எறும்புகள் மரத்தின் சாற்றை உறிஞ்சும் செதில்பூச்சிகளை வளர்க்கத் தொடங்கின, காவல் தளர்ந்தது, தண்டைத் துளைக்கும் வண்டுகள் பெருகின. 2008-இல் வெளியான முடிவின்படி, யாருமே தின்னாத மரங்கள் மெதுவாக வளர்ந்தன, கூடுதலாகச் செத்தன. நன்மை செய்வதாக நினைத்துப் போட்ட வேலி மரத்தையே நோஞ்சானாக்கியது. நான் படித்த சோதனைகளில் இதுபோல் மனத்தில் தங்கியது வேறில்லை.

இதையே ஒரு நாடளவுக்குப் பெரிதாக்கிக் காட்டியது தான்சானியாவின் செரெங்கெட்டி. 1890-களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நுழைந்த வெக்கை நோய் மாடுகளையும் வில்டபீஸ்ட் மான்களையும் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் கூட்டம் தலையெடுக்கவே இல்லை. சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டபோது, 1960-களின் தொடக்கத்தில் நோய் காட்டுக்குள்ளும் நின்றுபோனது. 1961-இல் சுமார் 2.5 இலட்சமாக இருந்த வில்டபீஸ்ட்கள் 1977-இல் 13 இலட்சத்தை எட்டின. அத்தனை வாய்கள் புல்லைத் தின்றதால் எரிவதற்குப் புல் மிஞ்சவில்லை. ஆண்டுதோறும் தீ பரவும் பரப்பு பெரிதும் சுருங்கியது. தீயில் கருகிக்கொண்டிருந்த மரக்கன்றுகள் தப்பிப் பிழைத்து மரங்களாயின. புல் தின்னும் விலங்கு பெருகியதால் மரம் பெருகியது என்பதைக் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றலாம், ஆனால் நடுவில் தீயை வைத்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும்.

இனி நீங்கள் கண்ட முதுமலைக்கு வருவோம். கோடையில் நிலம் மொட்டையாகத் தெரிவதற்கு மழையின்மை முதற்காரணம், வாய்கள் இரண்டாம் காரணம். மேலும், சாலையோரப் புதர்களை வனத்துறை வெட்டி ஒதுக்குவது வழக்கம் என்பதால், வெட்டவெளியில் முளைக்கும் இளம்புல்லைத் தேடிப் புள்ளிமான்கள் அங்கே திரள்கின்றன. சாலையோரத்தை வைத்துக் காடு முழுவதையும் மதிப்பிடுவது, பேருந்து நிலையத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊரை மதிப்பிடுவது போன்றது.

ஒரு சிறு திருத்தம்: நீங்கள் கண்டது காட்டெருமை இல்லை, காட்டுமாடு. அது மாட்டினம். உண்மையான காட்டெருமை நம் மாநிலத்தில் கிடையாது. அசாமிலும் சத்தீஸ்கரிலும் எஞ்சியிருக்கிறது.

கேள்வி: யானை மரத்தை முறிக்கிறது, பட்டையை உரிக்கிறது, வேரோடு சாய்க்கிறது. அதைக் ‘காட்டின் தோட்டக்காரர்’ என்று புகழ்வது மிகையல்லவா? என் மாணவர்கள் இதைக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
– பள்ளி ஆசிரியை, கூடலூர்

பதில்: மிகைதான். எந்தத் தோட்டக்காரரும் ஒரு நாளில் 150 கிலோ செடிகொடிகளைத் தின்பதில்லை.

உங்கள் ஊருக்கு அருகிலேயே இதற்கு நம்பகமான சான்று இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சூழலியலாளர்கள் 1988-இல் முதுமலையில் 50 ஹெக்டேர் பரப்பை, அதாவது ஒரு கிலோமீட்டர் நீளமும் அரை கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டை, நிலையான ஆய்வுக்களமாக அளந்து வைத்தனர். மார்பு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டம் இருந்தாலே போதும், அந்தத் தண்டுக்கு எண் பொறித்த தகடு உண்டு. சுமார் 25 ஆயிரம் தண்டுகளுடன் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பில் ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாகச் சேர்ந்தது, சாவுக்கு யானை காரணமா தீ காரணமா என்றெல்லாம் குறித்துவருகிறார்கள்.

யானையின் கை எங்கே விழுந்தது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. எல்லா மரங்களிலும் அது விழவில்லை. வெண்டைக்கும் பருத்திக்கும் உறவான கைடியா என்ற சிறுமரமும், அதே குடும்பத்து வலம்புரிச் செடியும் யானைக்கு மிகவும் பிடித்தவை. நார் மிகுந்த அவற்றின் பட்டை எளிதாக உரிந்து வரும். தொடக்கத்தில் மிகுதியாக இருந்த அவ்விரண்டும் சில ஆண்டுகளிலேயே பெருமளவு குறைந்துபோயின. அதே காலத்தில் வெண்தேக்கு, கருமருது போன்ற உயர்ந்த மரங்களின் எண்ணிக்கையில் யானையால் பெரிய சேதம் நேரவில்லை. சிறு தண்டுகளின் சாவுக்குத் தீயும் பெரிய காரணமாக இருந்தது. ஆக, யானை காட்டை அழிக்கவில்லை. காட்டில் எந்த மரம் எவ்வளவு இருக்கும் என்ற விகிதத்தை மாற்றுகிறது. கைடியா மரத்திடம் கேட்டால் இந்த வேறுபாட்டை அது ஒப்புக்கொள்ளாமல் போகலாம்.

மழைக்காலத்தில் யானை பெரும்பாலும் புல் தின்னும். துதிக்கையால் ஒரு கற்றையைச் சுற்றிப் பிடித்து, முன்காலின் நகத்தால் தூரைத் தட்டி விடுவித்து, வேரில் ஒட்டிய மண்ணை முழங்காலில் அடித்து உதறிவிட்டு வாயில் வைப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். புல் முற்றிப் புரதம் வற்றியதும் அது இலை, பட்டை, மூங்கில் பக்கம் திரும்புகிறது. மரப்பட்டையில் சுண்ணாம்புச் சத்து இருப்பதும் பட்டையுரிப்புக்கு ஒரு காரணம்.

தின்றதில் பாதிக்கும் குறைவாகவே யானைக்குச் செரிக்கிறது. மீதியை அது நடந்த வழியெல்லாம் இலத்தியாக விட்டுச்செல்கிறது. ‘வேழம் (யானை) உண்ட விளாங்கனி’ என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. ஓடு உடையாமல் உள்ளே மட்டும் காலியாகி வெளிவருமா, அல்லது அங்கே ‘வேழம்’ என்பது விளாவுக்கு வரும் ஒரு நோயா என்ற விவாதத்தை உரையாசிரியர்களுக்கு விட்டுவிடலாம். விளா, புளி, வேலம் போன்றவற்றின் விதைகள் முளைக்கும் திறன் கெடாமல் தாய்மரத்திலிருந்து வெகு தொலைவில், ஈரமான எருவின் நடுவே வந்து விழுகின்றன என்பது மட்டும் உறுதி. மாணவர்களுக்குக் காட்ட எளிய சான்று வேண்டுமென்றால், மழைக்குப் பின் பழைய இலத்தியில் முளைத்திருக்கும் நாற்றுகளை எண்ணச் சொல்லலாம். வனத்துறை அனுமதியோடும் காவலர் துணையோடும் மட்டும்.

மான்களும் இந்த வேலையைச் செய்கின்றன, ஆனால் வேறு வழியில். காட்டு நெல்லிக்காயை விழுங்கும் புள்ளிமான், பிறகு நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடுகிறது. மான்கள் படுத்தெழுந்த இடத்தில் கிடக்கும் வழுவழுப்பான நெல்லிக்கொட்டைகள் அப்படி வந்தவை.

கேள்வி: எல்லா மேய்ச்சல் விலங்குகளும் ஒரே உணவைத்தானே தின்கின்றன? ஒன்றுக்கொன்று போட்டி வராதா?
– வாசகர், தருமபுரி

பதில்: வாயின் அகலமும் வயிற்றின் அமைப்பும் வேறாக இருப்பதால் பல நேரங்களில் போட்டி தவிர்கிறது. வெளிமான் பெரும்பாலும் புல் தின்னும். மிளா என்கிற கடமான் தழையையும் விரும்பும். புள்ளிமான் இரண்டிலும் கை வைக்கும். அசைபோடாத யானையும் குதிரையினமும் தரம் குறைந்த முரட்டுப் புல்லையே அதிக அளவில் தின்று சமாளிக்கும். செரெங்கெட்டியில் வரிக்குதிரைகள் முதலில் வந்து உயரமான தாள்களைத் தின்ன, அடியில் வெளிப்பட்ட இலைகளை வில்டபீஸ்ட்கள் மேய, அதன்பின் துளிர்க்கும் இளம்புல்லுக்குச் சிறிய கெசல் மான்கள் வருகின்றன. பந்தி பந்தியாகச் சாப்பாடு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவு குறையும் கோடையில் மட்டும் பந்தி ஒழுங்கு குலைந்து போட்டி வரும்.

கேள்வி: காட்டுமாடு மேய்ந்தால் காட்டுக்கு நல்லது, எங்கள் மலைமாடு மேய்ந்தால் கெடுதலா? இரண்டும் மாடுதானே? தலைமுறை தலைமுறையாக மேய்த்த எங்களை நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டித் தடுக்கிறார்கள்.
– மாடு வளர்ப்பவர், தேனி மாவட்டம்

பதில்: உங்கள் கேள்வியில் இருக்கும் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் மாநிலக் காடுகள் எல்லாவற்றிலும் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்தது. பிறகு அந்தத் தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. அந்தத் திருத்தம் சரியென்றே நான் கருதுகிறேன். ஏன் என்பதை இரு பக்கமும் சொல்லித்தான் விளக்க வேண்டும்.

மேய்ச்சலை விலக்கியதால் கெட்ட இடம் ஒன்று இருக்கிறது. இராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் சதுப்புநிலம் சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. வலசைப் பறவைகளுக்குப் பேர்போனது. அங்கே சுற்றுவட்டாரக் கிராமங்களின் எருமைகள் நெடுங்காலமாகத் தண்ணீரில் இறங்கி மேய்ந்துவந்தன. பறவைகளின் நலனுக்காக என்று, அறிஞர்களின் பரிந்துரையோடு, 1982-இல் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. மக்கள் எதிர்த்தனர், காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. எருமைகள் வெளியேறியபின் நடந்தது யாரும் எதிர்பாராதது. நீரில் படரும் ஒருவகைப் புல் கட்டுப்பாடின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. மீன்களும் நீந்தும் வாத்துகளும் பாதிக்கப்பட்டன. மண்ணைக் கிண்டிக் கிழங்கு தின்னும் சைபீரியக் கொக்குகளுக்கு அலகு நுழைக்க இடமில்லாமல் போனது. பத்தாண்டு ஆய்வு நடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே, எருமைகள் அங்கே களைகளைக் கட்டுப்படுத்திவந்தன என்ற முடிவுக்கு வந்தது. தடையைப் பரிந்துரைத்தவர்களில் அந்தக் கழகமும் உண்டு என்பதால், தன் தவற்றைத் தானே ஆராய்ந்து சொன்ன நேர்மையை மதிக்க வேண்டும். பிறகு கிராம மக்கள் கையால் புல் அறுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டனர். எருமை செய்த வேலையை மனிதர் அரிவாளால் செய்ய வேண்டியதாயிற்று.

பந்திப்பூரில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே காட்டோரக் கிராமங்களில் கால்நடைகள் மிகுந்த இடங்களில் காட்டுமாடுகள் அருகிப்போயின. கால்நடைகள் குறைந்த இடங்களில் காட்டுமாடும் புள்ளிமானும் யானையும் திரும்ப வந்தன. அதைவிடச் சிந்திக்க வைத்தது வேறொரு செய்தி. காப்பி விலை ஏறிய ஆண்டுகளில் தோட்டக்காரர்கள் சாணத்துக்கு நல்ல விலை கொடுத்ததால், பாலுக்கோ உழவுக்கோ அல்லாமல் சாணத்துக்காகவே மாடு வளர்ப்பது பெருகியது. பகலில் காட்டில் மேய்ந்த மாடு இரவில் பட்டியில் சாணமிட்டது. அந்தச் சாணம் லாரி ஏறித் தோட்டத்துக்குப் போனது. காட்டுமாடு தின்ற புல் காட்டுக்கே எருவாகத் திரும்புகிறது. பட்டிமாடு தின்ற புல் ஊருக்கும் தோட்டத்துக்கும் போய்விடுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி எடுத்துக்கொண்டே இருந்தால், கிடை போடாமல் அறுவடை மட்டும் செய்யும் வயலின் நிலைதான் காட்டுக்கும் வரும். உங்கள் கேள்விக்கு என்னால் தரக்கூடிய சுருக்கமான விடை இதுதான்: மாடு எது என்பதைவிட, சாணம் எங்கே விழுகிறது என்பதும், மேய்ந்த இடத்துக்கு எத்தனை நாள் ஓய்வு கிடைக்கிறது என்பதும் முக்கியம்.

நோயும் ஒரு காரணம். செரெங்கெட்டியைப் பற்றி மேலே சொன்ன வெக்கை நோய் 1968-இல் முதுமலை, பந்திப்பூர் காட்டுமாடுகளையும் பெருமளவு கொன்றது. 2011-இல் உலகிலிருந்தே அந்நோய் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் கோமாரி இன்னும் இருக்கிறது. மழைக்கு ஏற்ப மேலும் கீழுமாக மாடுகளை இடம் மாற்றி மேய்த்த பழைய முறை காட்டுக்கு இழைத்த தீங்கு குறைவு என்றே நினைக்கிறேன். அந்த வழித்தடங்கள் அடைபட்டு, எஞ்சிய சிறு பரப்பிலேயே ஆண்டு முழுவதும் மேய்க்க நேரும்போது மலைமாட்டுக்கும் நட்டம், மலைக்கும் நட்டம். காப்பகங்களுக்கு வெளியே உள்ள காடுகளில் மேய்ச்சல் உரிமையை முறைப்படுத்தித் தருவது அரசின் கடமை.

கேள்வி: கோடியக்கரையில் வெளிமான்களைப் பார்க்கப் போனால் குதிரைகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. சீமைக்கருவேலம் பரவியதற்கு அவையும் காரணம் என்கிறார்களே?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: காரணங்களில் ஒன்று. வெளிமானுக்காகவே 1967-இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தில், வளர்ப்பிலிருந்து நழுவிக் காட்டில் பெருகிய மட்டக்குதிரைகள் வெளிமானுக்குரிய புல்லையும் தின்கின்றன. சீமைக்கருவேலத்தின் காய் இனிப்பானது, விதையுறையோ கடினமானது. குதிரை வயிற்றில் சதை செரித்துவிடும்; விதை சாணத்தோடு முழுதாக வெளிவரும். கருவேலம் அடர்ந்தால் புல்வெளி சுருங்கும். திறந்த வெளியில் தொலைவிலேயே பகையைக் கண்டு ஓடிப் பிழைக்கும் வெளிமானுக்குப் புதர் என்றால் ஆகாது. சங்கப் புலவர்கள் அதைப் ‘புல்வாய்’ என்று அழைத்ததே, அது எங்கே வாழும், எதைத் தின்னும் என்ற இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது.

ஆனால் பழியைக் குதிரைமேல் மட்டும் போடுவது நியாயமாகாது. குஜராத்தின் வேளாவதர் தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வில், வெளிமானே இந்த விதையைப் பரப்புவது தெரியவந்தது; அதுவும் விந்தையான முறையில். இணைசேரும் காலத்தில் கலைமான்கள் (ஆண் வெளிமான்கள்) புல்வெளியின் நடுவே ஆளுக்கொரு சிறு இடத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் காவல் நிற்கும். எல்லையைக் காட்ட ஒரே குவியலில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். புதர்க்கரையில் தின்ற காய்களின் விதைகள் அந்தக் குவியல்களில் குவிகின்றன. அதாவது கருவேலம் எளிதில் எட்டமுடியாத திறந்த புல்வெளியின் நட்டநடுவுக்கு, எருவும் சேர்த்து, விதையைக் கொண்டுபோய் வைப்பது அந்தப் புல்வெளியையே நம்பி வாழும் மான்தான்.

கேள்வி: புலிக்கும் புல்லுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். எப்படி?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: வேட்டை விலங்கு மான்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, அதோடு, அச்சத்தால் அவை ஒரே இடத்தில் நின்று மேயாமல் நகரவும் வைக்கிறது. இதற்கு எல்லோரும் காட்டும் சான்று அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா. அங்கே 1926-க்குள் ஓநாய்கள் ஒழிக்கப்பட்டன. எல்க் மான்கள் பெருகி, வில்லோ, ஆஸ்பன் கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் தின்றன. 1995, 1996 ஆகிய இரு ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டபின் எல்க் குறைந்தது, பல இடங்களில் மரங்கள் உயர்ந்தன. இதை ‘ஓநாய் ஆற்றையே மாற்றியது’ என்ற அளவுக்கு நீட்டிச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அதே காலத்தில் கரடியும் பூமாவும் மனிதர் ஆடிய வேட்டையும் எல்க்கைக் குறைத்தன. நீர்நாயைப் போன்ற பீவர்கள் அணை கட்டாத ஓடைகளில் நீர்மட்டம் தாழ்ந்தே இருந்ததால், மான் குறைந்தும் வில்லோ எழவில்லை. எழுபது ஆண்டுகள் ஒன்றை எடுத்துவிட்டால், திரும்ப வைத்தவுடன் பழைய நிலை வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

பெரிய வேட்டை விலங்கே இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சென்னை கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் மதில், வெளியே நகரம். மான்கள் வலசை போகவும் வழியில்லை. அங்கே மரமும் புதரும் அடர்ந்ததால் வெட்டவெளி சுருங்கி வெளிமான் பின்னடைய, புல்லையும் தழையையும் தின்னும் புள்ளிமான் நிலைத்துக்கொண்டது.

கேள்வி: மேயும் விலங்குகள் மண்ணில் உள்ள கரியைக் குறைக்கின்றனவா, கூட்டுகின்றனவா?
– வாசகர், பெங்களூரு

பதில்: இமயமலையின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், யாக் மாடுகளும் ஐபெக்ஸ் காட்டாடுகளும் மேயும் குளிர்ப்பாலை நிலத்தில், இந்திய அறிவியல் கழகத்தினர் வேலியிட்ட பாத்திகளையும் இடாத பாத்திகளையும் 16 ஆண்டுகள் ஒப்பிட்டு 2022-இல் முடிவை வெளியிட்டனர். விலங்குகளை விலக்கிய பாத்திகளில் மண்ணின் கரி ஆண்டுக்கு ஆண்டு 30 முதல் 40 விழுக்காடு கூடுதலாக ஏறி இறங்கியது. மேய்ச்சல் இருந்த இடத்தில் அது நிலையாக இருந்தது. சாணமும் சிறுநீரும் தரும் நைட்ரஜன் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. கூட்டுகிறதா குறைக்கிறதா என்று நீங்கள் கேட்டீர்கள். அங்கே கிடைத்த விடை, நிலைப்படுத்துகிறது என்பது. மழை மிகுந்த நம் மலைகளுக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

கேள்வி: இதையெல்லாம் எங்கள் கல்லூரி வளாகத்திலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? ஆடுகள் நிறைய வருகின்றன.
– தாவரவியல் மாணவி, புதுக்கோட்டை

பதில்: முடியும், செலவும் குறைவு. இரண்டு மீட்டர் சதுரமுள்ள பாத்திகளைக் குறைந்தது ஐந்து இணைகளாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் இணையிலும் எதற்கு வேலி என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். புல் நன்றாக இருக்கும் பாத்திக்கு வேலி போட மனம் இழுக்கும், அங்கேதான் சோதனை கெடும். ஆடு தலை நீட்டி எட்டாத தொலைவில் கம்பிவலை அமையட்டும். வேலி போடுவதற்கு முன்பே ஒருமுறை எல்லாச் செடிகளையும் எண்ணிவிடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, ஒரே ஆள், ஒரே முறையில் எண்ண வேண்டும். ஒரு பருவமழையை வைத்து முடிவுகட்ட வேண்டாம். இரண்டு வடகிழக்குப் பருவமாவது பாருங்கள்.

வேலிக்கு வெளியே எந்தச் செடி பெருகுகிறது என்பதைக் கூடுதல் கவனத்தோடு குறியுங்கள். முதுமலையிலும் பந்திப்பூரிலும் உண்ணிச்செடி அவ்வளவு பரவியதற்கு, தின்ன ஆளில்லாததும் ஒரு காரணம். சுற்றியுள்ள சுவையான செடிகளையெல்லாம் விலங்குகள் தின்றுவிட, தின்னப்படாத அதற்கு இடமும் வெளிச்சமும் தாமாகக் கிடைத்தன. உங்கள் வளாகத்தில் அந்த இடத்தை எருக்கும் ஆவாரையும் பிடிக்கக்கூடும். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஆடாதொடை, ஆடுதின்னாப்பாளை என்ற இரண்டு பெயர்களை எழுதி வையுங்கள். இந்தச் சோதனையை உங்களுக்கு முன்பே செய்து, முடிவைச் செடியின் பெயராகவே வைத்துவிட்டுப் போனவர்கள் ஆடு மேய்த்தவர்கள்.